இடைநீக்கமும் பள்ளிநீக்கமும்: பிள்ளையின் பக்கத்தை யார் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள்மீது எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகிக்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்பதை அதன்பின் வந்து குவிந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் பள்ளியையும் நீக்கிவிட்டேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், தேவைப்பட்ட இடங்களில் மாநிலத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன், மதிய உணவு நேரத்தில் நடந்த அடிதடியில் கலந்துகொண்டான் என்று சொல்லி மூன்று நாள் இடைநீக்கம் செய்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்ததும் பதறிப்போய் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவன், "சண்டையை விலக்கத்தான் போனேன், என்னை யாரும் எதுவும் கேட்கவே இல்லை" என்று அழுகிறான். பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளி இப்படிச் செய்யலாமா? (ஒரு தாய், டெக்சஸ்)

பதில்: செய்யக் கூடாது. வெளியே அனுப்புவதற்கு முன் அவன் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். இது பள்ளி மனமிரங்கி அளிக்கும் சலுகை அன்று. 1975ஆம் ஆண்டு ஜனவரியில், காஸ் எதிர் லோபஸ் என்ற வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்த அரசியலமைப்பு உரிமை. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரப் பள்ளிகளில் 1971ஆம் ஆண்டு கொந்தளிப்பு நிலவியபோது, விசாரணை எதுவும் இல்லாமல் பத்து நாள் வரை நீக்கப்பட்ட ஒன்பது மாணவர்கள் தொடுத்த வழக்கு அது. அவர்களில் ஒருவரான லோபஸ், உணவுக்கூடத்தில் கலவரம் நடந்தபோது தாம் எதையும் உடைக்கவில்லை, அங்கே நின்றிருந்தது மட்டுமே உண்மை என்றார். அதே நாளில் தம் பள்ளியில் குறைந்தது 75 பேராவது நீக்கப்பட்டார்கள் என்றும் சாட்சியம் அளித்தார். இன்னொரு மாணவி வேறொரு பள்ளியில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைதாகி, குற்றச்சாட்டு எதுவும் பதியப்படாமல் விடுவிக்கப்பட்டவர்; மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே, தாம் பத்து நாள் நீக்கப்பட்ட செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது.

நீதிமன்றம் கேட்டது மிகச் சிறிய அளவுதான். பத்து நாளோ அதற்குக் குறைவாகவோ நீக்குவதானால், என்ன குற்றச்சாட்டு என்பதை மாணவருக்கு வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்ல வேண்டும். அவர் மறுத்தால், பள்ளியிடம் உள்ள ஆதாரம் என்ன என்பதை விளக்கி, நடந்ததைத் தம் வாயால் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். நிகழ்ச்சி நடந்த சில நிமிடங்களிலேயே முதல்வரின் அறையில் இது முடிந்துவிடலாம். வழக்கறிஞரை அழைத்துவரும் உரிமையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையோ இந்தக் குறுகிய நீக்கங்களுக்குக் கிடையாது. மாணவர் அங்கே இருப்பதே பிறருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் முதலில் வெளியே அனுப்பிவிட்டு, இயன்றவரை விரைவில் கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'ஹியரிங்' என்று அவர்கள் சொல்லும் சொல்லை நாம் 'விசாரணை' என்று மொழிபெயர்த்துவிட்டு, காவல் நிலையத்தை நினைத்துப் பயப்படுகிறோம். அந்தச் சொல்லின் நேரான பொருள் செவிகொடுத்தல் என்பதுதான்; இனி அதைக் 'கேட்பு' என்றே எழுதுகிறேன். விசாரிக்காமல் தண்டனை கொடுத்த பாண்டியனுக்கு என்ன நேர்ந்தது என்ற கதையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தத் தீர்ப்பின் நியாயத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பெற்றோர் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த வாய்ப்பு மாணவருக்கு உரியது. அந்த அறையில் பெற்றோர் இருப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பெரியவர் கேட்கும்போது தலைகுனிந்து நிற்பதே மரியாதை என்று நம் வீட்டில் கற்றுக்கொண்டு போகிறது. அந்த மௌனத்தைப் பள்ளி ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறது. எனவே, "நடந்ததை நான் சொல்ல விரும்புகிறேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று பணிவோடு சொல்லப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுங்கள்.

உங்கள் மாநிலச் சட்டம் இதற்கு மேலும் ஒரு துணை தருகிறது. டெக்சஸில் பள்ளிக்கு வெளியே அனுப்பும் இடைநீக்கம் மூன்று பள்ளி நாட்களைத் தாண்டக் கூடாது. அதை விதிக்கும் முன், மாணவர் தற்காப்புக்காகச் செயல்பட்டாரா, அவருடைய நோக்கம் என்ன, முன்பு இப்படி நடந்திருக்கிறதா, அவருக்கு மாற்றுத்திறன் ஏதும் உண்டா என்பவற்றைக் கருத்தில் கொள்ளவும் வேண்டும். விலக்கப் போனவனையும் அடித்தவனையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டிருந்தால், அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு இடமுண்டு. மகன் சொல்வதை அவன் சொற்களிலேயே இன்றே எழுதிவையுங்கள். அருகில் இருந்த மாணவர்கள் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உணவுக்கூடத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். பிறகு முதல்வரைச் சந்தித்து, தீர்வு கிடைக்காவிட்டால் பள்ளி மாவட்டத்தின் முறையீட்டு வழியில் செல்லுங்கள். மூன்று நாட்கள் கழிந்துபோனாலும் இது வீண் வேலை ஆகாது. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையைப் பெற்றோருக்கு அளிக்கிறது. பள்ளி 45 நாட்களுக்குள் அவற்றைக் காட்டியாக வேண்டும். பதிவு தவறானது என்றால் திருத்தக் கோரலாம். மறுத்தால் அதற்கென ஒரு கேட்பை நடத்தக் கோரலாம். அதன் பிறகும் திருத்தப்படாவிட்டால் உங்கள் விளக்கத்தை அந்தக் கோப்பிலேயே சேர்க்க வைக்கலாம்.

தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆசிரியர் ஒன்று சொன்னால் அதில் தவறிருக்காது என்று வளர்க்கப்பட்ட தலைமுறை நாம். ஆனால் அந்த மன்னிப்பு அவர்களுடைய குறிப்பில் 'பெற்றோர் ஒப்புக்கொண்டார்' என்று பதிவாகியிருக்கக்கூடும். பிள்ளையைக் கேட்காமல் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும், அவன் சொல்வது வேறு என்றும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: இடைநீக்கத்துக்கும் பள்ளிநீக்கத்துக்கும் என்ன வேறுபாடு? நீக்கப்பட்ட நாட்களின் பாடங்களுக்குப் பூஜ்யம் போடுவார்களா?

பதில்: இடைநீக்கம் சில நாட்களுக்கு, பள்ளிநீக்கம் ஒரு பருவத்துக்கோ ஓராண்டுக்கோ அதற்கு மேலோ. முதல்வர் தம் அதிகாரத்தில் செய்யக்கூடியது முன்னது. பின்னதைப் பெரும்பாலும் கல்வி வாரியமே முடிவுசெய்யும். நாட்களின் எல்லை மாநிலத்தைப் பொறுத்தது: கலிஃபோர்னியாவில் ஒரு தடவைக்குத் தொடர்ச்சியாக ஐந்து பள்ளி நாட்களுக்கு மேல் கூடாது, நியூயார்க்கில் ஐந்து நாட்களைத் தாண்டினால் கண்காணிப்பாளர் முன்னிலையில் முறையான கேட்பு நடத்தியாக வேண்டும். பாடங்களைப் பற்றி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனக்கென விதி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு நாளோ அதற்கு மேலோ நீக்கப்பட்டால், கேட்கும் பெற்றோருக்கு வீட்டுப்பாடத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கேட்க வேண்டும். எந்த மாநிலமானாலும் முதல் நாளே கேளுங்கள். தனியார் பள்ளிகளுக்கு இந்த அரசியலமைப்புப் பாதுகாப்பு பொருந்தாது. அங்கே நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தமும் பள்ளியின் கையேடுமே சட்டம்.

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகனின் பையில், கஞ்சா எண்ணெய் நிரப்பிய மின்சிகரெட் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பள்ளிநீக்கத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். "ஒப்புக்கொண்டு இந்தத் தாளில் கையொப்பமிட்டால் கேட்பு தேவைப்படாது, எல்லாம் சுலபமாக முடிந்துவிடும்" என்று உதவி முதல்வர் சொல்கிறார். நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். அவமானத்தில் மனைவி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. கையொப்பமிட்டுவிடலாமா? (ஒரு தந்தை, கலிஃபோர்னியா)

பதில்: இன்று கையொப்பமிட வேண்டாம். என்றைக்குமே கூடாது என்று சொல்லவில்லை; அந்தத் தாள் எதையெதை விட்டுக்கொடுக்கிறது என்பதை அறியாமல் இடக் கூடாது என்கிறேன். அது பெரும்பாலும் ஒப்பந்தப் பள்ளிநீக்கமாக இருக்கும்: கேட்பையும், பல வேளைகளில் மேல்முறையீட்டையும் கைவிட்டு, நீக்கத்தை நீங்களே ஏற்பதாக அதில் எழுதியிருக்கும். சுலபமாக முடிவது யாருக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் விட்டுக்கொடுக்கப்போவது சிறியதன்று. பரிந்துரை வந்த முப்பது பள்ளி நாட்களுக்குள் கேட்பு நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். ஆயத்தமாக நேரம் வேண்டுமென்றால் ஒரு முறையாவது முப்பது நாள் வரை ஒத்திவைக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வழக்கறிஞரையோ வழக்கறிஞர் அல்லாத ஒரு துணைவரையோ அழைத்துச் செல்லலாம், பள்ளி பயன்படுத்தப்போகும் ஆவணங்கள் அனைத்தையும் பார்க்கலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், உங்கள் சாட்சிகளைக் கொண்டுவரலாம். நீங்கள் பொதுக் கேட்பு கேட்டாலன்றி அது மூடிய அறையில்தான் நடக்கும்; உங்கள் மனைவி அஞ்சுவதுபோல் ஊருக்குத் தெரியும்படி எதுவும் நடக்காது. பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் செய்தியை மட்டுமே வைத்துப் பள்ளிநீக்கம் செய்ய முடியாது. நீக்கியே ஆக வேண்டும் என்று வாரியம் முடிவுசெய்தாலும், அந்த ஆணையை நிறுத்திவைத்து நிபந்தனையோடு படிக்க விடும் அதிகாரம் அதற்கு உண்டு. நான் துணைக்குப் போன சில கேட்புகளில் முடிவு இப்படித்தான் அமைந்தது. முடிவு எதிராக வந்தால் முப்பது நாட்களுக்குள் கவுன்ட்டிக் கல்வி வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். நீக்க ஆணையில் மறுசீரமைப்புத் திட்டமும், மீண்டும் சேர்ப்பதைப் பரிசீலிக்கும் நாளும் இருந்தாக வேண்டும். அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பையைச் சோதித்தது சரியா என்பதையும் கேளுங்கள். 1985ஆம் ஆண்டு நியூ ஜெர்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பையைச் சோதிக்கப் பள்ளி அதிகாரிகளுக்கு நீதிமன்றத்தின் சோதனை ஆணை தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்றது. சந்தேகமே இல்லாமல் வரிசையாக எல்லோர் பையையும் கொட்டினார்களா, குறிப்பாக இவன் பையைப் பார்க்கக் காரணம் இருந்ததா என்பது தெரிய வேண்டும்.

இனி, விசா பற்றியது. இதை மிகக் கவனமாகப் படியுங்கள். பள்ளியின் நடவடிக்கை குற்றத்தீர்ப்பு அன்று. இடைநீக்கமோ பள்ளிநீக்கமோ தன்னளவில் குடிவரவு நிலையைப் பறிப்பதில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருந்தாலும், கூட்டாட்சிச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருளே. விசாவும் பச்சை அட்டையும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருபவை. போதைப்பொருள் தொடர்பான ஒப்புதல், தண்டனை எதுவும் இல்லாவிட்டாலும்கூடப் பின்னாளில் சிக்கலை உண்டாக்கலாம். ஆகவே பையன் எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். பள்ளியில் பணியாற்றும் காவல் அதிகாரி கேள்வி கேட்டால், பெற்றோரும் வழக்கறிஞரும் வரும்வரை பேச விரும்பவில்லை என்று அவன் மரியாதையோடு சொல்லலாம். வட கரோலினாவில் பதின்மூன்று வயது மாணவர் ஒருவரை வகுப்பிலிருந்து அழைத்து வந்து மூடிய அறையில் காவலர்கள் விசாரித்த வழக்கில், விசாரிக்கப்படுவது சிறுவர் என்பதையும் கணக்கில் கொண்டே அவர் காவலில் இருந்தாரா என்பதை முடிவுசெய்ய வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலில் உள்ளவரிடம், பேசாமல் இருக்கும் உரிமை உண்டு என்று காவலர்கள் முதலில் எச்சரிக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம். ஆனால் முதல்வர் தாமே கேட்கும் கேள்விகளுக்கு முன் அத்தகைய எச்சரிக்கை எதுவும் வராது.

மகன் தவறு செய்திருக்கலாம். அதை வீட்டுக்குள் கண்டித்துத் திருத்துங்கள்; அந்த வேலை உங்களுடையது. அந்தத் தாள் வேறு விஷயம்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை, சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு மேசையைத் தள்ளிவிடுகிறான். வாரத்துக்கு ஒரு முறையாவது பள்ளியிலிருந்து அழைத்து, "இன்று அவனுக்குக் கடினமான நாள், வந்து கூட்டிச் செல்லுங்கள்" என்கிறார்கள். இது இடைநீக்கம் இல்லை என்றும் சொல்கிறார்கள். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்தே என் வேலை போய்விடும்போல் இருக்கிறது. (ஒரு தாய், நியூ ஜெர்சி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இடைநீக்கம் என்று பெயர் வைக்காததால் அது இடைநீக்கம் இல்லாமல் போய்விடாது. நடத்தையைக் காரணம் காட்டிப் பள்ளி நேரத்தில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதை முறைசாரா வெளியேற்றம் என்பார்கள். அதைக் கண்டித்து 2022ஆம் ஆண்டு ஜூலையில் கூட்டாட்சிக் கல்வித் துறை வெளியிட்ட வழிகாட்டுதலே இருக்கிறது. அடுத்த முறை அழைப்பு வந்தால், "இது இடைநீக்கமா? ஆம் என்றால் எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். இதுவரை அழைத்த நாட்களைத் தொலைபேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்து, எத்தனை மணிக்குக் கூட்டிவந்தீர்கள் என்பதோடு ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். பத்து என்ற எண் இங்கே மிக முக்கியம்.

காரணம் இது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம் 1975ஆம் ஆண்டு பிறந்தது. அதற்கு முன் அத்தகைய பிள்ளைகள் இலட்சக்கணக்கில் பள்ளியின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தின்படி, தனிப்பட்ட கல்வித் திட்டம் உள்ள பிள்ளையைத் தொடர்ச்சியாகப் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேலோ, ஒரே மாதிரியான காரணத்துக்காக விட்டுவிட்டு மொத்தம் பத்து நாட்களைத் தாண்டும்படியோ வெளியேற்றினால், அது அந்தப் பிள்ளையின் கல்வி இடத்தையே மாற்றுவதாகக் கருதப்படும். அப்போது பள்ளி பத்துப் பள்ளி நாட்களுக்குள் ஒரு கூட்டம் கூட்டி, இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: இந்த நடத்தை பிள்ளையின் குறைபாட்டால் விளைந்ததா, அல்லது அதோடு நேரடியாகவும் கணிசமாகவும் தொடர்புடையதா? திட்டத்தில் எழுதியதைப் பள்ளி நிறைவேற்றாததன் நேரடி விளைவா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று விடை வந்தாலும் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அந்த நடத்தை ஏன் வருகிறது என்று ஆராய்ந்து, அதற்கான உதவித் திட்டத்தைப் பள்ளி வகுக்க வேண்டும். அந்த மேசையில் நீங்களும் முடிவெடுக்கும் ஓர் உறுப்பினர். அழைத்ததற்காக வந்து போகும் விருந்தாளி அல்லர்.

ஆயுதம், போதைப்பொருள், பிறருக்குக் கடுமையான உடற்காயம் ஆகிய மூன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றில் குறைபாடு காரணமா இல்லையா என்று பார்க்காமலேயே 45 பள்ளி நாட்கள் வரை வேறோர் இடத்தில் படிக்க வைக்கலாம். படிக்க வைக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அப்போதும், ஏன், பள்ளிநீக்கமே செய்தாலும், கல்வியை நிறுத்த முடியாது. இந்தப் பிள்ளைகளைப் பள்ளிகள் தாமாகவே வெளியேற்றிவிட முடியாது என்பதை 1988ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

உங்கள் மகனுக்கு இன்னும் மதிப்பீடு செய்யவில்லை என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள். "பேர் வைத்துவிட்டால் பிறகு போகாது, கல்யாணம் வரைக்கும் தொடரும்" என்று உறவினர் சொன்னதால் தள்ளிப்போட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு பேச்சு நம் சமூகத்தில் எத்தனை பிள்ளைகளின் ஆண்டுகளைத் தின்றிருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை பள்ளிக் கோப்பில் இரகசியமாக இருக்கும்; ஆனால் 'அடங்காத பிள்ளை' என்ற பெயர் வகுப்பறை முழுதும் இப்போதே ஒலித்துக்கொண்டிருக்கிறது. இன்றிரவே ஆசிரியருக்கும் முதல்வருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: மகனின் நடத்தை குறித்து எனக்குக் கவலை இருக்கிறது, சிறப்புக் கல்வித் தேவைக்கான மதிப்பீட்டை எழுத்து மூலம் கோருகிறேன் என்று இரண்டு வரி போதும். தேதி இருப்பதுதான் முக்கியம். ஏனென்றால், பெற்றோர் எழுத்தில் கவலை தெரிவித்திருந்தாலோ மதிப்பீடு கேட்டிருந்தாலோ, அதன்பின் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் நான் மேலே சொன்ன பாதுகாப்புகளை அந்தப் பிள்ளையும் கோரலாம். அதே வேளையில், பள்ளி மதிப்பீடு செய்ய முன்வந்தபோது பெற்றோர் மறுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒருபோதும் மறுக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் வீட்டில் இருந்தபடி, சனிக்கிழமை இரவு, நடன ஆசிரியரைத் திட்டி நண்பர்களுக்கு மட்டும் ஒரு செய்தி போட்டாள். யாரோ படம் பிடித்துப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் இடைநீக்கம். வீட்டில் செய்ததற்குப் பள்ளி தண்டிக்கலாமா?

பதில்: இதே போன்ற வழக்கை 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மாணவியின் பக்கம் தீர்த்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மாணவி ஒருவர், வார இறுதியில் ஒரு கடையிலிருந்து, பள்ளியையும் உற்சாகமூட்டும் குழுவையும் வசைச்சொல்லால் திட்டி ஸ்னாப்சாட்டில் பதிவிட்டதற்காக ஓராண்டுக்குக் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் 1969ஆம் ஆண்டு வழக்கிலேயே, பள்ளியின் பணிகளைக் கணிசமாகக் குலைக்காத பேச்சைத் தண்டிக்கக் கூடாது என்று வகுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து பேசும் பேச்சில் பள்ளியின் கை இன்னும் குட்டையானது என்பது 2021ஆம் ஆண்டின் தீர்ப்பு. ஆனால் அச்சுறுத்தல், குறிப்பிட்ட ஒருவரைத் தொடர்ந்து துன்புறுத்துதல் ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மகள் எழுதியதை நீங்கள் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது பண்பற்றது, அச்சுறுத்தல் இல்லை. இடைநீக்கத்தை எதிர்த்து எழுதுங்கள். ஆசிரியரிடம் மகள் தனியாகப் போய் வருத்தம் தெரிவிக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் இடைநீக்கம் நடந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் இது வருமா?

பதில்: பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம், மாணவரிடம் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்கும் கேள்வியை 2021–22 விண்ணப்ப ஆண்டிலிருந்து நீக்கிவிட்டது. எனினும் சில கல்லூரிகள் தம் துணைப் படிவத்தில் தனியாகக் கேட்கின்றன. கேட்டால் பொய் சொல்லக் கூடாது; நடந்ததையும் அதன்பின் என்ன செய்தான் என்பதையும் ஒரு பத்தியில் எழுதினால் போதும். பள்ளி மாவட்டம் இத்தகைய பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறது, ஆலோசகர் கல்லூரிகளுக்கு எதை அனுப்புவார் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பியதும் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பள்ளிக் கூட்டத்தில் என் மகனே எனக்கு மொழிபெயர்த்தான். அவன் எதைச் சொன்னான், எதை விட்டான் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில்: யார்மீது குற்றச்சாட்டோ அவனையே மொழிபெயர்க்க வைத்தது பள்ளியின் பிழை. இனம், பிறந்த நாடு போன்றவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ், ஆங்கிலம் போதிய அளவு அறியாத பெற்றோருக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தருவது பள்ளியின் கடமை. தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கட்டணம் இல்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழுக்குத் தொலைபேசி வழியாகவும் ஏற்பாடு செய்யலாம். அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதிக் கேளுங்கள். நடந்த கூட்டத்தை மீண்டும் நடத்தவும் கேளுங்கள்.

கேள்வி: நான் நாற்பதாண்டு ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, மகளோடு தங்கியிருக்கிறேன். ஒவ்வொரு சிறு தண்டனைக்கும் பெற்றோர் சட்டம் பேசினால் ஆசிரியர் வகுப்பை எப்படி நடத்துவது? நீங்கள் பெற்றோரைப் பள்ளியோடு மோத விடுகிறீர்கள்.

பதில்: ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மாறுபட்ட நான்கு நீதிபதிகளின் கவலையும் இதுவே. ஆனால் அந்தத் தீர்ப்பு முதல்வரிடம் கேட்டது சில நிமிடங்கள். பிள்ளையிடம் "என்னப்பா நடந்தது?" என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்களை நீங்கள் நாற்பதாண்டும் செலவழித்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன், நல்ல ஆசிரியருக்கு இந்தச் சட்டம் புதிதாக எதையும் சுமத்தவில்லை. தண்டனையின் வேறொரு வடிவத்தில் அதே நீதிமன்றம் பின்வாங்கியதும் உண்மை: இரண்டே ஆண்டுகளில், 1977ஆம் ஆண்டு ஃபுளோரிடா வழக்கொன்றில், பிள்ளையை மரப் பலகையால் அடிப்பதற்கு முன் கேட்பு எதுவும் தேவையில்லை என்றது. ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பக் கேட்க வேண்டும், அடிப்பதற்குக் கேட்க வேண்டாம் என்ற இந்த நிலையை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

கேட்காமல் தண்டிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே சான்று உண்டு. துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு நீக்க வேண்டும் என்ற 1994ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம்கூட, ஒவ்வொரு நிகழ்வையும் தனியே பார்த்து மாற்றும் அதிகாரத்தை மாவட்டத் தலைமை அதிகாரிக்கு விட்டுவைத்தது. பள்ளிகளோ அந்தக் கடுமையை, எதிர்த்துப் பேசுவது, சொன்னதைக் கேளாமை போன்ற சிறு விஷயங்களுக்கெல்லாம் நீட்டின. 2017–18 கல்வியாண்டின் கூட்டாட்சிக் கணக்கெடுப்பின்படி, மாணவர்களில் சுமார் 15 விழுக்காடாக இருந்த கறுப்பினப் பிள்ளைகள், பள்ளிக்கு வெளியே இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் சுமார் 38 விழுக்காடாக இருந்தார்கள். 'அடங்காமை' என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து மாறும் குற்றம் என்பதால்தான் கலிஃபோர்னியா அந்தக் காரணத்துக்காக இடைநீக்கம் செய்வதை முதலில் சிறு வகுப்புகளிலும், 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் தடுத்திருக்கிறது. ஆசிரியர் அந்த மாணவரைத் தம் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பும் அதிகாரம் அப்போதும் அவரிடமே இருக்கிறது. பள்ளியோடு மோதும்படி நான் யாரையும் தூண்டவில்லை, ஐயா. பிள்ளை பேசும்வரை காத்திருக்கும்படி பெற்றோரையும் பள்ளியையும் ஒருசேரக் கேட்கிறேன்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவன். என் சாப்பாட்டையும் நிறத்தையும் சொல்லி ஆறு மாதமாக என்னைக் கேலி செய்துவந்தவனை நான் அடித்துவிட்டேன். அது உண்மை. ஐந்து நாள் இடைநீக்கம். கேலியைப் பற்றி வீட்டில் ஒருபோதும் சொன்னதில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. என் பக்கம் என்று சொல்ல எனக்கு ஏதாவது இருக்கிறதா?

பதில்: தம்பி, உன் கடிதம் வந்த அன்றே உனக்குப் பதில் அனுப்பினேன், உன்னைப் போல் வேறு யாரேனும் இருக்கக்கூடும் என்பதால், உன் அனுமதியோடு இங்கேயும் எழுதுகிறேன். இருக்கிறது. அடித்தது தவறு, அதை நீ ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் அடித்த அந்த ஒரு நிமிடம் மட்டுமே பள்ளியின் குறிப்பில் இருக்கிறது, அதற்கு முந்தைய ஆறு மாதங்கள் இல்லை. இனத்தையும் பிறந்த நாட்டையும் சொல்லி ஒரு மாணவனைத் தொடர்ந்து துன்புறுத்துவது தெரிந்தும் பள்ளி வாளாவிருந்தால், அது 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானது. பள்ளி செவிசாய்க்காவிட்டால், நிகழ்ந்த 180 நாட்களுக்குள் கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் உன் பெற்றோர் புகார் செய்யலாம்.

ஒரு தாள் எடுத்துக்கொள். முதல் முறை அவன் என்ன சொன்னான், எந்த வகுப்பில், யார் உடன் இருந்தார்கள், ஆசிரியர் யாரிடமாவது சொன்னாயா, அவர் என்ன செய்தார் என்று நினைவில் உள்ளவரை மாத வாரியாக எழுது. அவன் அனுப்பிய செய்திகள் தொலைபேசியில் இருந்தால் அழிக்காதே. கடைசி வரியில் நீ அடித்ததையும் மறைக்காமல் எழுது. நேரில் சொல்லத் தொடங்கினால் உனக்கு அழுகை வரும், அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனவே இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.